கை பழகிவிட்டது, கண் பழக வேண்டும்

வாசகர் கேள்வி பதில்

இந்த இதழுக்கு வந்த கேள்விகளில், புதிதாக வண்டி ஓட்டத் தொடங்கியிருக்கும் பதின்பருவத்தினர் பற்றியவற்றை மட்டும் தொகுத்து எடுத்துக்கொண்டோம். சிலவற்றை அவர்களே எழுதியிருக்கிறார்கள்; மற்றவை அவர்கள் வெளியே சென்றால் திரும்பி வரும் வரை வாசலைப் பார்த்துக்கொண்டிருக்கும் பெரியவர்கள் எழுதியவை.

கேள்வி: என் மகனுக்கு 18 வயது. ஓட்டுநர் தேர்வில் முதல் முறையிலேயே தேறிவிட்டான். கியர் மாற்றுவதும் பின்னோக்கி எடுத்து நிறுத்துவதும் எனக்கே வராத அளவுக்கு அவனுக்குச் சுத்தமாக வருகின்றன. இனி அவனைத் தனியாக அனுப்பலாம் என்கிறேன். என் மனைவி தயங்குகிறாள். யார் சொல்வது சரி? (ஒரு தந்தை)

பதில்: உங்கள் மனைவியின் தயக்கத்தில் நியாயம் இருக்கிறது. அதற்காக உங்கள் மகனின் திறமையைக் குறைத்து மதிப்பிட வேண்டியதில்லை. வண்டியைக் கட்டுப்படுத்துவது ஒரு திறமை. சாலையைப் படிப்பது வேறொரு திறமை. முதலாவது சில வாரங்களிலேயே கைக்கும் காலுக்கும் வந்துவிடுகிறது. இளம் வயதினருக்கு அது பெரியவர்களைவிட விரைவாகவே வரும். இரண்டாவதோ பல மாதங்கள் சாலையில் ஓடிய பிறகுதான் மெல்ல மெல்லப் படியும். ஓட்டுநர் தேர்வு பெரும்பாலும் முதலாவதைத்தான் அளக்கிறது. ஆபத்தை உரிய நேரத்தில் கண்டுகொள்ளாததும், சூழலுக்கு ஒவ்வாத வேகத்தில் சென்றதும், கவனம் வேறு பக்கம் போனதுமே புதியவர்களின் விபத்துகளுக்குப் பெரும்பாலும் காரணமாக இருக்கின்றன.

புதிதாக ஓட்டுபவரின் பார்வை எங்கே செல்கிறது என்று கவனித்தால் இது புரியும். அது வண்டியின் முகப்புக்குச் சற்று முன்னால் உள்ள சாலைப்பரப்பிலேயே தங்கிவிடுகிறது. கண்ணாடிகளின் பக்கம் அரிதாகவே திரும்புகிறது. பழகிய ஓட்டுநரின் கண்ணோ அடுத்த பத்துப் பன்னிரண்டு வினாடிகளில் வண்டி எங்கே இருக்குமோ அந்த இடத்தைத் தேடுகிறது, பிறகு பக்கங்களுக்குச் செல்கிறது, பின்பு கண்ணாடிக்கு வந்து, மீண்டும் தொலைவுக்குப் போகிறது. சாலையோரம் நிற்கும் ஒரு பேருந்தைப் புதியவர் வெறும் பேருந்தாகவே பார்க்கிறார்; அனுபவம் உள்ளவர், அதன் முன்புறத்தில் மறைந்திருந்து யாரேனும் குறுக்கே வரக்கூடும் என்று எண்ணி, வருபவர் கண்ணில் படும் முன்பே ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்துவிடுகிறார். ஓரமாக நிறுத்தியிருக்கும் காருக்குள் ஒரு தலை தெரிந்தால், அதன் கதவு திறக்கலாம் என்பதும் அவருக்கு உடனே தோன்றும். இந்த முன்னுணர்வு ஒரு தனித்திறன்தான் என்று ஏற்றுக்கொண்டதால், பிரிட்டனில் 2002-ஆம் ஆண்டு முதல் உரிமத் தேர்விலேயே, காணொளிகளைப் பார்த்து உருவாகிவரும் ஆபத்தை அடையாளம் காட்டும் பகுதி ஒன்றைச் சேர்த்திருக்கிறார்கள்.

உலகச் சுகாதார நிறுவனம் 2023-இல் வெளியிட்ட அறிக்கையின்படி, சாலை விபத்துகளில் ஆண்டுக்கு ஏறத்தாழ 11 லட்சத்து 90 ஆயிரம் பேர் இறக்கிறார்கள். 5 முதல் 29 வயது வரை உள்ளவர்களின் மரணங்களுக்கு முதன்மையான காரணமும் அதுவே. புதிய ஓட்டுநரைப் பொறுத்தவரை, உடன் ஒருவர் அமர்ந்திருக்கும் பயிற்சிக் காலம் பெரும்பாலும் பாதுகாப்பாகவே கழிகிறது. தனியாக ஓட்டத் தொடங்கும் முதல் சில மாதங்களில்தான் ஆபத்து திடீரென உயர்ந்து, பிறகு அனுபவத்தோடு படிப்படியாகக் குறைகிறது. இதை மனத்தில் கொண்டுதான் நியூசிலாந்து 1987-இல் உரிமத்தை மூன்று படிகளாகப் பிரித்தது. அங்கே இடைப்பட்ட படியில் இருப்பவர், அனுபவமுள்ள ஓட்டுநர் அருகில் இல்லாமல் இரவு 10 மணி முதல் காலை 5 மணி வரை ஓட்டக் கூடாது. பொதுவாகப் பயணிகளையும் ஏற்றக் கூடாது. பிற்பாடு வேறு பல நாடுகளும் இதே வழியில் சட்டம் வகுத்தன.

நீங்கள் வாழும் இடத்தில் அப்படி ஒரு சட்டம் இல்லையென்றாலும், உங்கள் வீட்டில் அதை வைத்துக்கொள்ள எந்தத் தடையும் இல்லை. முதலில் பகலில், நன்கு தெரிந்த சாலைகளில், உலர்ந்த தரையில் அவன் தனியாக ஓட்டட்டும். இரவு, மழை, நெடுஞ்சாலை ஆகிய ஒவ்வொன்றையும் முதன்முறை சந்திக்கும்போது உங்களில் ஒருவர் அருகில் இருங்கள். ஒரு முறை போதாது, அவன் தானாகவே முன்கூட்டி வேகம் குறைப்பதைக் காணும் வரை இருங்கள். இதற்கு மிகவும் உதவும் பயிற்சி ஒன்று உண்டு: கண்ணில் படுவதையும் அதனால் என்ன நேரலாம் என்பதையும் அவன் வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே ஓட்ட வேண்டும். கால் மணி நேரம் கேட்டாலே, அவன் எதைப் பார்க்கிறான், எதைப் பார்க்கத் தவறுகிறான் என்பது உங்களுக்குத் தெளிவாகிவிடும்.

கேள்வி: எனக்கு 17 வயது. உரிமம் பெற்றுவிட்டேன். ஆனால் தோழிகளைக் காரில் ஏற்றிச் செல்ல அப்பா சம்மதிக்கவில்லை. தனியாகப் போக அனுமதிக்கிறவர், நாலு பேரோடு போனால் பயப்படுவது ஏன்? என்மீது நம்பிக்கை இல்லை என்றுதானே இதற்குப் பொருள்? (ஒரு மாணவி)

பதில்: இல்லை. உங்களைத் தனியாக அனுப்புகிறவர் உங்களை நம்பாமல் அனுப்பவில்லை. அவர் அஞ்சுவது சூழலைக் கண்டு. அந்த அச்சத்துக்கு உறுதியான அடிப்படையும் இருக்கிறது. பதின்பருவ ஓட்டுநரின் வண்டியில் அதே வயதுடையவர்கள் ஏற ஏற, உயிருக்கு ஆபத்தான விபத்து நேரும் வாய்ப்பும் கூடிக்கொண்டே போகிறது என்று ஆய்வுகள் திரும்பத் திரும்பக் காட்டியிருக்கின்றன. பெரியவர் ஒருவர் அருகில் அமர்ந்தால் அந்த வாய்ப்பு குறைகிறது. விளைவுகளை எடைபோட்டு உந்துதலை அடக்கும் முன்மூளைப் பகுதி, இருபதுகளின் நடுப்பகுதி வரை முதிர்ந்துகொண்டே இருக்கிறது. நண்பர்களின் பார்வையில் இருக்கும்போது துணிச்சலான செயலின் கவர்ச்சி இந்த வயதில் கூடுதலாகவே தெரியும். அதோடு, பின்னிருக்கையில் பேச்சும் சிரிப்பும் எழும்போது ஒரு கணம் திரும்பிப் பார்ப்பது எவருக்கும் இயல்பு; பழகிய ஓட்டுநருக்கு அந்தக் கணத்தை ஈடுசெய்யும் அனுபவம் இருக்கிறது, உங்களுக்கு அது இனிமேல்தான் வர வேண்டும்.

என் கருத்தில், முதல் ஆறு மாதங்களுக்கு ஒருவரையும் ஏற்றாமல் இருப்பதே நல்லது; அதன் பிறகு ஒரே ஒருவரோடு தொடங்கலாம். தோழிகளிடம் மறுப்பது சங்கடமாக இருந்தால், அந்தப் பழியைத் தாராளமாக அப்பாவின் மேல் போட்டுவிடுங்கள். அதை மகிழ்ச்சியோடு சுமக்காத தந்தை இருக்க மாட்டார். ஏற்றிச் செல்லும் நாள் வரும்போது, பின்னிருக்கையில் இருப்பவர் உட்பட எல்லோரும் சீட் பெல்ட் அணிந்த பிறகே வண்டி நகரட்டும். பெல்ட் அணியாமல் பின்னால் இருப்பவர், மோதும் நொடியில் வண்டி சென்றுகொண்டிருந்த அதே வேகத்தில் முன்னிருக்கையில் இருப்பவர்மீது விழுகிறார்; அவர் தனக்கு மட்டும் ஆபத்தைத் தேடிக்கொள்ளவில்லை.

நீங்கள் பிறர் ஓட்டும் வண்டியில் ஏறும்போதும் உங்களுக்கு ஒரு கடமை இருக்கிறது. வேகம் அச்சமூட்டினால் வாய்திறந்து சொல்லுங்கள். குடித்திருப்பவர் ஓட்டும் வண்டியில், அவர் எவ்வளவு நெருங்கியவராக இருந்தாலும், ஏறாதீர்கள். எந்த நேரமானாலும் அழைத்தால் வந்து கூட்டிச் செல்வதாகவும், அன்றைக்குக் கேள்வி கேட்கப் போவதில்லை என்றும் அப்பாவிடம் முன்கூட்டியே ஓர் உறுதிமொழி வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: 50 கிலோமீட்டர் என்று எழுதியிருக்கும் சாலையில் எல்லோரும் 60-இல்தான் போகிறார்கள். வெறும் பத்துக் கிலோமீட்டர் வேறுபாட்டை ஏன் இவ்வளவு பெரிதுபடுத்துகிறார்கள்? (19 வயது வாசகர்)

பதில்: கணக்கைப் பார்த்து நீங்களே முடிவு செய்யலாம். எதிர்பாராத ஒன்றைக் கண்டு, அது ஆபத்து என்று உணர்ந்து, கால் பிரேக்கை அழுத்துவதற்குள் ஏறத்தாழ ஒன்றரை வினாடி ஓடிவிடுகிறது. 50-இல் செல்லும் கார் அதற்குள் 21 மீட்டர் கடந்துவிடும். உலர்ந்த சாலையும் நல்ல டயரும் இருந்தால், பிரேக் பிடித்த பின் மேலும் 14 மீட்டர் ஓடி, மொத்தம் 35 மீட்டரில் நிற்கும். அதே இடத்தில், அதே கணத்தில், அதே ஆபத்தைக் காணும் இன்னொரு கார் 60-இல் வருவதாக வைத்துக்கொள்ளுங்கள். பிரேக் பிடிக்கத் தொடங்கும்போதே அது 25 மீட்டரைக் கடந்திருக்கும். மிச்சமிருக்கும் 10 மீட்டரில் அதனால் நிற்க முடியாது. முதல் கார் முழுமையாக நின்றுவிட்ட அந்த 35-ஆவது மீட்டரில், இரண்டாவது கார் இன்னமும் 40 கிலோமீட்டருக்கும் சற்று அதிகமான வேகத்தில் ஓடிக்கொண்டிருக்கும். அந்த இடத்தில் ஒருவர் சாலையைக் கடந்துகொண்டிருந்தால், முதல் ஓட்டுநருக்கு அது சில நிமிடப் படபடப்போடு போய்விடும். இரண்டாவது ஓட்டுநரின் வண்டி அவர்மேல் மோதியிருக்கும்.

வேகம் ஐந்தில் ஒரு பங்கு கூடினால் மோதலின் ஆற்றல் 44 விழுக்காடு கூடுகிறது. ஆற்றல் வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப வளர்வதே காரணம். இவ்வளவையும் விலையாகக் கொடுத்துப் பத்துக் கிலோமீட்டர் பயணத்தில் நீங்கள் மிச்சப்படுத்துவது இரண்டே நிமிடங்கள். அதுவும் வழியில் ஒரு சிவப்பு விளக்குகூட இல்லாமல் இருந்தால்தான்.

முன்செல்லும் வண்டிக்கும் உங்களுக்கும் இடையே எப்போதும் குறைந்தது இரண்டு வினாடி இடைவெளி இருக்கட்டும். முன்வண்டி ஏதேனும் ஒரு கம்பத்தைக் கடக்கும்போது எண்ணத் தொடங்கினால், இரண்டு வினாடி முடிந்த பிறகே நீங்கள் அந்தக் கம்பத்தை அடைய வேண்டும். ஈரச் சாலையில் அதை நான்காக்குங்கள். நெடுநாள் வெயிலுக்குப் பின் பெய்யும் முதல் மழையில் சாலையில் படிந்திருக்கும் எண்ணெயும் தூசியும் நீரோடு கலந்து வழுக்கும் என்பதால், அப்போது இன்னும் எச்சரிக்கை தேவை. உங்கள் காரில் ஏபிஎஸ் (பிரேக்கைப் பலமாக அழுத்தினாலும் சக்கரம் சுழலாமல் இறுகிவிடாதபடி தடுக்கும் அமைப்பு) இருந்தால், அவசரத்தில் பிரேக்கை முழு வலுவோடு அழுத்தி, அப்படியே பிடித்திருங்கள். பெடல் காலுக்கடியில் அதிர்வது அது வேலை செய்கிறது என்பதற்கான அடையாளம். பலர் அந்த அதிர்வைக் கண்டு பயந்து காலை எடுத்துவிடுகிறார்கள். ஆளில்லாத திடலில் ஒருமுறையேனும் அதை உணர்ந்து பார்த்துவிடுவது நல்லது.

கேள்வி: கைபேசியைக் கையில் பிடிக்காமல், காரின் ஒலிபெருக்கி வழியாகப் பேசினால் பாதுகாப்புதானே? (கல்லூரி மாணவர் ஒருவர்)

பதில்: கை ஸ்டியரிங்கில் இருப்பது நல்லதுதான். ஆனால் மனம் அங்கே இருக்காது. உரையாடலில் ஆழ்ந்திருப்பவரின் கண் எதிரே உள்ளதை நோக்கியிருந்தாலும், பார்த்தது மனத்தில் பதியாமல் போகிறது. ஓட்டும்போது கைபேசியைப் பயன்படுத்துவோர் விபத்தில் சிக்கும் வாய்ப்பு மற்றவர்களைவிட ஏறத்தாழ நான்கு மடங்கு என்கிறது உலகச் சுகாதார நிறுவனம். கையில் பிடிக்காமல் பேசுவது, பிடித்துப் பேசுவதைவிட அதிகப் பாதுகாப்பானதல்ல என்றும் அது கூறுகிறது. அருகில் அமர்ந்து பேசும் பெரியவர், சாலையில் நெருக்கடி வந்தால் தானாகவே பேச்சை நிறுத்திவிடுவார். தொலைவில் இருப்பவருக்கு உங்கள் முன்னால் என்ன நடக்கிறது என்பது தெரியாது. குறுஞ்செய்தி இதைவிடக் கொடியது. 60 கிலோமீட்டர் வேகத்தில் இரண்டு வினாடி திரையைப் பார்ப்பது, 33 மீட்டர் தொலைவைக் கண்ணை மூடிக்கொண்டு கடப்பதற்குச் சமம்.

வழிகாட்டும் வரைபடத்தைப் புறப்படும் முன்பே அமைத்துக்கொண்டு, கைபேசியை ஒலியடக்கிக் கைக்கு எட்டாத இடத்தில் வைத்துவிடுங்கள். இதைப் படிக்கும் பெற்றோருக்கும் ஒன்று சொல்ல வேண்டியிருக்கிறது. பிள்ளை ஓட்டிக்கொண்டிருக்கும் நேரம் என்று தெரிந்தே, "எங்கே வந்துகொண்டிருக்கிறாய்?" என்று கேட்க அழைக்காதீர்கள். அக்கறையால்தான் அழைக்கிறீர்கள்; ஆனால் மணி ஒலித்தால் எடுத்துப் பேசாவிட்டால் கோபிப்பீர்களோ என்ற எண்ணத்திலேயே பல பிள்ளைகள் எடுத்துப் பேசுகிறார்கள்.

கேள்வி: என் பேரன் இரவெல்லாம் கண்விழித்துப் படித்துவிட்டு, விடியற்காலையில் காரை எடுத்துக்கொண்டு கிளம்புகிறான். கேட்டால், "காபி குடித்துவிட்டேன் பாட்டி, ஒன்றும் ஆகாது" என்கிறான். (ஒரு பாட்டி)

பதில்: தடுத்துவிடுங்கள், அம்மா. தொடர்ந்து 17 மணி நேரம் விழித்திருந்தவரின் கவனமும் செயல்வேகமும், பல நாடுகள் ஓட்டுநருக்கு உச்சவரம்பாக வைத்திருக்கும் அளவு மது இரத்தத்தில் கலந்தவரின் நிலைக்கு இறங்கிவிடுகின்றன என்று ஆய்வில் கண்டிருக்கிறார்கள். உங்கள் பேரன் அதையும் தாண்டி விழித்திருக்கிறான். தூக்கக் கலக்கத்தில் சில வினாடிகள் தன்னை அறியாமலே கண் மூடிவிடும். அந்த நேரத்தில் பிரேக் பிடிப்பதற்குக்கூட எவரும் விழிப்பில் இல்லை. காபியும் திறந்த சன்னலும் உரத்த பாட்டும் சிறிது நேரத்துக்குக் கண்ணைத் திறந்து வைக்கலாம், தூக்கத்தின் தேவையைத் தீர்க்காது. வேறொருவர் ஓட்டட்டும், அல்லது அவன் பேருந்தில் போகட்டும்.

கேள்வி: மகளுக்கு ஸ்கூட்டர் ஓட்டும் உரிமம் கிடைத்திருக்கிறது. முன் பிரேக்கைத் தொட்டால் கவிழ்த்துவிடும் என்று யாரோ சொன்னதைக் கேட்டு, பின் பிரேக்கை மட்டும் பிடிக்கிறாள். அது சரியா? இரு சக்கர வண்டிக்கு வேறு என்ன சொல்லித் தர வேண்டும்? (ஒரு தாய்)

பதில்: சரியல்ல. வேகம் குறையும்போது வண்டியின் எடை முன்னோக்கிச் சாய்கிறது. முன்சக்கரம் தரையை அழுந்தப் பற்றுகிறது, பின்சக்கரம் இலேசாகிறது. ஆகவே வண்டியை நிறுத்தும் ஆற்றலில் பெரும்பகுதி முன் பிரேக்கிலேயே இருக்கிறது. பின் பிரேக்கை மட்டும் நம்பினால் நிற்கும் தொலைவு வெகுவாக நீண்டுவிடும், பின்சக்கரம் வழுக்கவும் செய்யும். இரண்டையும் சேர்த்து, சட்டென்று பறிக்காமல், படிப்படியாக இறுக்கப் பழக்குங்கள். கவிழ்த்துவிடும் என்ற பேச்சு, வளைவின் நடுவிலோ மணல் பரவிய தரையிலோ திடீரென்று பிடித்தவர்களின் அனுபவத்திலிருந்து வந்திருக்கும். வளைவுக்குள் நுழையும் முன்பே வேகத்தைக் குறைத்துக்கொண்டால் அந்த நிலையே வராது. ஈரத்தில் சாலைக் கோடுகளும் இரும்பு மூடிகளும் எண்ணெய் தடவியதுபோல் வழுக்கும்; அவற்றின் மேல் திருப்பவும் கூடாது, பிரேக் பிடிக்கவும் கூடாது.

பெரிய வண்டிகளைப் பற்றித் தனியாக உட்கார்ந்து விளக்குங்கள். லாரி ஓட்டுநரின் முகம் அவருடைய பக்கவாட்டுக் கண்ணாடியில் உங்கள் மகளுக்குத் தெரியவில்லை என்றால், அவருக்கும் உங்கள் மகள் தெரியவில்லை. நீளமான வண்டி திரும்பும்போது அதன் பின்சக்கரங்கள் முன்சக்கரங்கள் சென்ற வழியில் செல்லாமல், உட்புறமாகக் குறுக்கிவரும்; திருப்பத்தில் அதன் உட்பக்கம் இடம் இருப்பதுபோலத் தெரிவது ஏமாற்று, அந்த இடம் சில வினாடிகளில் மறைந்துவிடும். சந்திப்பில் லாரியின் பக்கத்தில் போய் நிற்காமல் பின்னாலேயே நிற்பதை அவள் வழக்கமாக்கிக்கொள்ள வேண்டும்.

ஹெல்மெட் பற்றி அவளுக்குத் தெரிந்திருக்கும். வாரை முகவாய்க்கடியில் மாட்டாமல் அணிந்தால், தலை தரையில் படும் முன்பே அது கழன்று போய்விடும் என்பதையும், ஒருமுறை பலமாக அடிபட்ட ஹெல்மெட்டின் உள்நுரை நசுங்கிவிடுவதால் வெளியே கீறல்கூட இல்லாவிட்டாலும் அதை மாற்றியாக வேண்டும் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

கேள்வி: நான் அருகில் உட்கார்ந்தாலே மகனுக்கும் எனக்கும் சண்டை வந்துவிடுகிறது. நான் கத்துகிறேன், அவன் பதறுகிறான். உடன் வராதே என்கிறான். என்ன செய்வது? (ஒரு தாய்)

பதில்: உடன் செல்வதை மட்டும் நிறுத்திவிடாதீர்கள், பேசும் விதத்தை மாற்றிக்கொள்ளுங்கள். புறப்படும் முன்பே எந்த வழியாகச் செல்வது, இன்றைக்கு எதைப் பழகுவது என்று இருவரும் முடிவு செய்துகொண்டால் பாதிச் சண்டை எழாது. ஒரு நாளைக்கு ஒன்று போதும். இன்று கண்ணாடிகளைப் பார்ப்பது என்றால், அவன் இண்டிகேட்டர் போட மறந்ததை அன்று பெரிதுபடுத்த வேண்டாம். சொல்ல வேண்டியதை முன்கூட்டியே, தணிந்த குரலில் சொல்லுங்கள்; "இப்போது திரும்பு" என்பதைவிட, "மூன்றாவது திருப்பம்" என்று நூறு மீட்டருக்கு முன்பே சொல்வது அவனுக்கு உதவும். "நிறுத்து" என்ற சொல்லை உண்மையான ஆபத்துக்கு மட்டுமே ஒதுக்கி வையுங்கள், அப்போதுதான் அதைக் கேட்டவுடன் கால் தானாகப் பிரேக்குக்குச் செல்லும். தவறு நடந்தால் ஓடும் வண்டியில் விவாதிக்காமல், ஓரமாக நிறுத்தச் சொல்லி, அங்கே என்ன பார்த்தான் என்று முதலில் அவனைக் கேளுங்கள். பல நேரங்களில் அவன் பார்த்திருக்கவே மாட்டான். அது அவனுக்கே புரிவது நீங்கள் கத்துவதைவிடப் பல மடங்கு பயன் தரும்.

நீங்களும் உங்கள் கணவரும் ஓட்டும்போது எப்படி நடந்துகொள்கிறீர்கள் என்பதையும் எண்ணிப் பாருங்கள். பிள்ளைகள் பதினைந்து ஆண்டுகளாகப் பின்னிருக்கையில் அமர்ந்து கற்ற பாடத்தை, பயிற்சிக் காலத்தில் வாயால் சொல்லி மாற்றிவிட முடியாது.

கேள்வி: போன மாதம் சந்திப்பு ஒன்றில் வேறொரு கார்மேல் இலேசாக இடித்துவிட்டேன். யாருக்கும் காயமில்லை. ஆனால் அன்று முதல் சாவியைத் தொடவே பயமாக இருக்கிறது. நான் ஓட்டத் தகுதியற்றவளா? (18 வயது வாசகி)

பதில்: நிச்சயமாக இல்லை. நடந்ததை இவ்வளவு பொறுப்போடு எண்ணிப் பார்க்கும் ஒருவர் நல்ல ஓட்டுநராக வளரக்கூடியவர். முதலில், அந்தச் சந்திப்பில் என்ன நடந்தது என்பதை ஒரு தாளில் வரைந்து பாருங்கள்: நீங்கள் எங்கே பார்த்துக்கொண்டிருந்தீர்கள், அந்தக் கார் எந்தக் கணத்தில் கண்ணில் பட்டது, அதற்கு முன் அது எதன் பின்னால் மறைந்திருந்தது? உங்கள் காரின் முன்கண்ணாடியை ஒட்டிய தூண் எதிரே வரும் ஒரு காரையே மறைத்துவிடக்கூடியது. அப்படியென்றால் சந்திப்புகளில் தலையைச் சற்று முன்னும் பின்னும் நகர்த்திப் பார்ப்பதுதான் நீங்கள் பழக வேண்டியது. காரணம் கண்டுபிடித்துவிட்டால் பயத்துக்கு ஓர் எல்லை பிறந்துவிடும். பிறகு நீங்கள் நம்பும் பெரியவர் ஒருவரோடு, வண்டிகள் குறைந்த காலை நேரத்தில், அதிக நாள் தள்ளிப்போடாமல் மறுபடியும் ஓட்டத் தொடங்குங்கள். முதல் நாள் பத்து நிமிடம் போதும். அந்தச் சந்திப்புக்கு இப்போதே போக வேண்டியதில்லை; மற்ற சந்திப்புகளில் தலை தானாகவே இருபுறமும் திரும்பத் தொடங்கிய பிறகு போகலாம்.